இத்தாலி ஓட்டலில் கிருத்திகை

1

போன கிருத்திகை சனிக்கிழமையில் வந்தது. அன்று பகலில் நான் மெல்போர்ன் நகரத்துக்குள் ஒரு இத்தாலி ஓட்டலில் உட்கார்ந்திருந்தேன். விரத நாளில் ஓட்டலில் என்ன வேலை என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிற திருத்தணிக்காரர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வேறு எவனாவது போயிருந்தால் நானே கேட்டிருப்பேன். இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

நான் சாப்பிடப் போகவில்லை. என் மகனிடம் ஒரு காரியம் கேட்கப் போனேன். அவன் அந்த ஓட்டலில்தான் வேலை செய்கிறான். அவனோடு நான் சரியாகப் பேசி ஐந்து வருடம் ஆகிறது.

காரியம் இதுதான். என் மகள் செல்வியின் பிள்ளைக்கு ஆவணியில் மூன்று வயது முடிகிறது. இன்னும் முதல் முடி இறக்கவில்லை. எட்டு மாதம்கூட நிரம்பாமல் பிறந்தவன் அவன். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அப்போது என் மனைவி தனம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து வந்தால் முதல் முடி தணிகை மலைக்கு, அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. பிள்ளை பிழைத்தான். இப்போது அவனைப் பிடித்துச் சட்டை மாட்ட இரண்டு ஆள் வேண்டும்.

முதல் வருடமே போயிருக்கலாம். மாப்பிள்ளைக்கு வேலை மாறியது, எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போனது. அப்புறம் போன வருடம் வைகாசியில் தனம் போய்விட்டாள். காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் மத்தியானம் இல்லை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருடம் மலை ஏறக்கூடாது. செல்வி வேறு வீட்டுக்குப் போனவள். அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் அந்தத் தடை கிடையாது. ஆனால் மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் செத்தவளின் மகன். அவன் ஏற முடியாது. எனவே எல்லோரும் காத்திருந்தோம்.

அதுவரை பிள்ளையின் தலையில் கத்தரி படவில்லை. முடி தோளுக்கு வந்துவிட்டது. பகலில் அவனை விடுகிற காப்பகத்து டீச்சர் தினமும் அதை இரண்டாகப் பிரித்துப் பட்டாம்பூச்சி கிளிப் மாட்டி அனுப்புகிறாள். பூங்காவில் பார்க்கிறவர்கள் பெண் பிள்ளை என்கிறார்கள். முதலில் எல்லோரிடமும் விளக்கம் சொன்னேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்த வைகாசியில் வருஷத் திதி முடிந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலையில் இருக்க வேண்டும். என் மகன் வருவானா மாட்டானா என்பது ஒன்றுதான் பாக்கி. செல்வி அவனிடம் கேட்டாள். "நைனா வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். என் பிள்ளைகளுக்கு நான் நைனா.

2

என் மகன் பெயர் தணிகைவேலன். வீட்டில் தணிகா.

நான் அரக்கோணத்தில் ஐ.டி.ஐ. படித்தவன். இங்கே ரயில் பணிமனையில் பிரேக் பிட்டர். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வருடமும் வண்டிக்கு அடியில்தான். வெயில் காலத்தில் இரும்பு சுடும், குளிர் காலத்தில் அதே இரும்பு தோலை உரிக்கும். என் மகன் அந்த வண்டியை வரைகிற மேசையில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது தப்பு என்று இன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பொறியியல் படித்துக்கொண்டே ஓட்டலில் பகுதி நேரமாகத் தட்டு கழுவப் போனான். இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், நானும் சும்மா இருந்தேன். மூன்றாம் வருடம் நடுவில் ஒரு நாள் வந்து, படிப்பை நிறுத்திவிட்டேன், சமையலில் சேர்ந்துவிட்டேன் என்றான். கேட்கவில்லை, சொன்னான்.

நான் கத்தினேன். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றில்தான் எல்லாம் நின்றது. "எச்ச தட்டு கழுவவா உன்ன கடல் தாண்டி தூக்கினு வந்தேன்? இனிமே உன் கையால ஒரு டம்ளர் தண்ணி குடிக்கமாட்டேன்."

அவன் துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தனம், ஆய்ந்த இலையையும் தண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். பிறகு முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் அன்று அவ்வளவுதான் சத்தம்.

தனம் போன அன்று வந்தான். இங்கே மின்மயானத்தில் நாற்பது நிமிடம்தான் கொடுப்பார்கள், அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில், அதை எடு, இதை வை என்பதற்கு மேல் பேச்சில்லை. வருஷத் திதிக்கும் வந்தான். அன்றைக்குச் சமையலை நான் வெளியில் சொல்லியிருந்தேன். டப்பா டப்பாவாகச் சோறு வந்தது. ஆறிப்போன சாம்பார், விறைத்த வடை. சமைக்கத் தெரிந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று அதையே வாங்கித் தின்றுவிட்டுப் போனான். அவன் அம்மாவின் திதி அது. நான் பிடித்த பிடிவாதத்துக்கு அளவே இல்லை.

3

ஊருக்கு நான் சொன்னது வேறு.

பையன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இஞ்சினியர் என்றேன். முதல் முறை சொன்னபோது அது பாதி உண்மை, படித்துக்கொண்டிருந்தான். அவன் நிறுத்திய பிறகு மாற்றிச் சொல்லவில்லை. அப்புறம் மாற்றிச் சொல்ல வழியே இல்லாமல் போனது. என் மைத்துனன் குமார், தனத்தின் தம்பி, கனகம்மாசத்திரத்தில் திருப்பதி சாலையோரம் டயர் கடை வைத்திருக்கிறான். காற்று பிடிக்க வருகிறவனிடமெல்லாம் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் ரயில் இஞ்சினியர் என்று சொல்கிறான். பஸ் ஸ்டாப் முழுக்கத் தெரியும். பள்ளிப்பட்டில் இருந்து ஒரு குடும்பத்தார் பெண் ஜாதகம் அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள். பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

போதாததற்கு, இரண்டு வருடம் முன்பு இந்தப் பத்திரிகையிலேயே எழுதினேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். என் மகன் பொறியாளர் என்று எழுதி, பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று உங்களுக்கு அறிவுரையும் சொன்னேன். வெட்கமில்லாமல் எழுதினேன். நீங்களும் படித்தீர்கள்.

இந்தப் பொய் முதன்முதலில் மாட்டிக்கொண்டது விசா விண்ணப்பத்தில். நாங்கள் எல்லோரும் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர்கள். நான் பிறந்து வளர்ந்த இடத்தில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடி ஓடி ஏறிய படியை இன்று ஏற வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டும். அப்பா பெயர், அப்பா பிறந்த ஊர், அம்மா பெயர், அம்மா பிறந்த ஊர். உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கிறது. செல்விதான் எல்லோருக்கும் நிரப்பினாள். தம்பியும் வருவான் என்று நம்பி அவனுடையதையும் ஆரம்பித்தாள். தொழில் என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

என்ன போடுவது என்று என்னைக் கேட்டாள். இஞ்சினியர் என்று போடு என்றேன். யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

"இது கவர்மெண்ட் ஃபாரம், நைனா. பொய் எழுதினா தம்பி மாட்டுவான்" என்றாள். "இது இன்னா நம்ம ஊரு கல்யாண மண்டபமா, வாய்க்கு வந்தத சொல்லினு போறதுக்கு?"

என் மகள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நான் கோபமாக எழுந்து தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் என்று சொல்வது தப்பு, ஆறு தொட்டி. குளிரில் எல்லாம் கருகிக் கிடந்தது. திரும்பி வந்து, சனிக்கிழமை அவன் ஓட்டலுக்குப் போகலாம் என்றேன். செல்வி உடனே போன் பண்ணி மேசை பதிவு செய்தாள். அன்று கிருத்திகை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என நான் நினைக்கவில்லை.

4

உங்களுக்கு ஆனி என்றால் எங்களுக்கு நடுக்குளிர். டிராமில் இருந்து இறங்கியபோது தூறல். சந்துக்குள் இருக்கிறது கடை. வெளியே பெரிய பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசை. ஒரு நாற்காலி மாதிரி இன்னொன்று இல்லை. மேசைமேல் துணிக்குப் பதில் பழுப்புத் தாள் விரித்திருக்கிறார்கள். சாதாரண இடம்தான். ஆனால் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை.

அச்சடித்த பட்டியல் கிடையாது. சுவரில் கரும்பலகை. அந்த வாரம் தோட்டத்தில் இருந்து என்ன வருகிறதோ அதுதான் சமையல். எந்த ஊர்த் தோட்டம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். பரிமாறுகிற பெண் ஒவ்வொன்றாகப் படித்து விளக்கினாள். பரங்கிக்காய், கருப்பாக ஒரு கீரை, காளான், மக்காச்சோளக் களி, பன்றி. தக்காளி இல்லை. தக்காளிக் குழம்பைத் தலையில் கொட்டுவார்கள் என்று நினைத்து வந்தவன் நான், அதையே கேட்டேன். குளிர் காலத்தில் தக்காளி விளையாது, விளையாததை நாங்கள் போடுவதில்லை என்றாள். பரவாயில்லை, ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை முகத்தில் காட்டவில்லை.

சமையலறைக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர். சுவரில் ஒரு நீளமான திறப்பு. தட்டுகள் அதன் வழியாக வெளியே வரும். அந்தத் திறப்பில் கைகள் மட்டும் தெரிந்தன. நாலைந்து ஜோடி கைகள். எந்தக் கை என் மகனுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த காரியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று, தணிகைவேலனைக் கூப்பிடுங்கள் என்றேன். மணி ஒன்று. கடை நிரம்பி வழிகிற நேரம். இப்போது வர முடியாது, இரண்டரைக்கு மேல் வருவான் என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பன் வந்திருக்கிறேன், இரண்டு நிமிடம் வர முடியாதா? பணிமனையில் நான் வண்டிக்கு அடியில் கிடக்கும்போது எவனாவது வந்து கூப்பிட்டால் என்ன சொல்லி விரட்டுவேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சுருக்கென்றது.

வெளியே போய் நிற்கலாம் என்றேன். செல்வி அசையவில்லை. மழையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் எங்கே நிற்பது, மேசையைப் பிடித்து உட்கார்ந்தால் ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்றாள். அவளுக்கும் பிள்ளைக்கும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

5

நான் ஒரு கணக்குப் போட்டேன். செய்யவே முடியாததைக் கேட்டால் முடியாது என்பார்கள். அவர்கள் முடியாது என்றால் என் வார்த்தையும் பிழைக்கும், விரதமும் பிழைக்கும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வெங்காயம் கூடாது. பூண்டு கூடாது. முட்டை, மீன், கறி எதுவும் கூடாது. சமைக்கும்போது ஒயின் ஊற்றக் கூடாது. என் ஆங்கிலம் கோபத்தில் இன்னும் முரடாக வரும். இத்தாலிக்காரனிடம் போய்ப் பூண்டு கூடாது என்பது நம் ஊரில் போய்ப் புளி கூடாது என்பது மாதிரி. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "ஓ, தனம் சாப்பாடு" என்றாள்.

ஆங்கிலத்தில்தான் சொன்னாள், வாய்க்கு வந்தபடி இழுத்துச் சொன்னாள். ஆனாலும் அது என் மனைவியின் பெயர்தான். உடனே என்னையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் யார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. வருத்தம் தெரிவிக்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் கழுத்தில் துணி கட்டிக்கொண்டே சொன்னாள். தணிகா இந்தக் கடையில் சேர்ந்ததில் இருந்து அம்மா ஒவ்வொரு கிருத்திகைக்கும் இங்கே வரும். நீ வேலைக்குப் போன பிறகு, மத்தியானம் டிராம் ஏறி வரும். விரதத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு இங்கேதான். முதல் தடவை வெறும் ரொட்டி தின்றுவிட்டுப் போனதாம். அடுத்த கிருத்திகைக்குத் தணிகா முதலாளியிடம் அனுமதி வாங்கி, பூண்டு வெங்காயம் படாத தனிப் பாத்திரம் எடுத்து வைத்தான். அப்புறம் இது சமையலறையில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சீட்டில் தனம் என்று எழுதினால் போதும். பிள்ளை பிறந்த பிறகு செல்வியும் சில தடவை வந்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் தெரியும், நைனா. உனக்குத்தான் தெரியாது. சொன்னா நீ கத்துவ."

கிருத்திகை அன்று நான் வேலை முடிந்து வரும்போது தனம் ஒரு டம்ளர் பாலோடு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்பேன். விரதம் என்பாள். நாள் முழுக்க ஒரு பருக்கை படாமல் இருக்கிறாள் என்று பணிமனையில் இருக்கிற தமிழர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அவள் போன பிறகு அந்த விரதத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவளைப் போல நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். மாதா மாதம், பதின்மூன்று மாதம்.

செத்தவள்மேல் கோபப்பட முடியுமா? பட்டேன். அந்த நாற்காலியிலேயே, அவளை நாலு வார்த்தை மனசுக்குள் திட்டினேன். இரண்டு வருடத்துக்கு மேல் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாளே என்று. திட்டிக்கொண்டிருக்கும்போதே, நான் ஊருக்குச் சொன்னது எத்தனை வருடம் என்று நினைவு வந்தது. அவள் பொய்யால் ஒரு பிள்ளைக்கு அம்மா கிடைத்தாள். என் பொய்யால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தட்டு வந்தது. மஞ்சள் நிறத்தில் மக்காச்சோளக் களி. அதன்மேல் சுட்ட பரங்கிக்காய், வதக்கிய கருங்கீரை. மேலே வெண்ணெயில் சீரகமும் மிளகும் பொரித்து ஊற்றியிருந்தான். எந்த இத்தாலிக்காரனும் களிக்குச் சீரகம் தாளிக்க மாட்டான். அது எங்கள் வீட்டுத் தாளிப்பு.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேரன் என் தட்டுக்குள் கையை விட்டு ஒரு பரங்கித் துண்டை எடுத்துத் தின்றான். இன்னொன்றை எடுத்தான். ஆறுது, சாப்பிடு என்றாள் செல்வி.

சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. களி கட்டி தட்டவில்லை. கட்டி தட்டாமல் களி கிண்டுவது என்ன வேலை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோள் இறங்கிவிடும். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

6

இரண்டே முக்காலுக்கு வந்தான். தலையில் துணி கட்டியிருந்தான். முழங்கைவரை தீக்காயத் தழும்பு, பழையதும் புதியதுமாக. பேரன் நாற்காலியில் இருந்து குதித்து ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டான். அவன் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான். காலித் தட்டைப் பார்த்தான்.

வருகிற வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "உங்கம்மா இங்க வந்து இன்னா பேசுவா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசாது. சாப்புடும். ரெண்டு தபா உப்பு கம்மினு சொல்லிச்சு."

செல்வி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு ஐந்து வருடம். அவன் பிள்ளையின் கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். குளிர் காலத்தில் லீவு கேட்டால் கொடுப்பார்கள் என்றான். அம்மா வேண்டியதைத் தானும் மறக்கவில்லை என்றான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஆனா ஒண்ணு, நைனா. மலைல இவன மடியில வெச்சினு உக்காரும்போது, குமார் மாமா, சித்தப்பா, எல்லாரும் சுத்தி நிப்பாங்க. இஞ்சினியருனு கூப்புடுவாங்க. நான் தலைய ஆட்டினு உக்காரமாட்டேன். அங்க நான் வாயத் தொறந்தா உன் மானம் போவும். அதனால நீயே முன்னாடி சொல்லிடு. நீ சொல்லிட்டன்னா வரேன்."

சொல்கிறேன் என்றேன்.

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி" என்றான். "எல்லாருக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். சாயந்திரத்துக்குப் பரங்கிக்காய் அறுக்க வேண்டும் என்று பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

7

மறுநாள் குமார் போன் செய்தான்.

"பாவா, மொட்ட அடிக்கறவர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். கூட்டம் தாங்காது, வெள்ளனே வந்துடணும்" என்று ஆரம்பித்துப் பூமாலை, சரவணப் பொய்கையில் குளியல், மதியச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கடைசியில், "இஞ்சினியர் சாருக்கு லீவு கெடச்சிதா? வேல ஜாஸ்தின்னா வுடு. உன் தம்பி பையன் மடியில உக்கார வெச்சிக்கலாம், அவனும் மாமன்தான், இன்னா இப்போ" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். "ஆங், கேட்டுகினு இருக்கான்" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

உண்மை ஏன் வாயில் வரவில்லை என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். சமையல்காரன் என்றால் நமக்கு மண்டபத்தின் பின்வாசல். பந்தி முடிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து தின்கிறவன். என் தங்கை கல்யாணத்தில் ரசம் நீர்த்துவிட்டது என்று சமையல்காரரைப் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். என் அப்பா வயது அவருக்கு. கையைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அந்த இடத்தில் என் மகனை நிறுத்திப் பார்க்க எனக்குப் பயம். அவரைப் பேசிய வாய் என்னுடையது என்பதால் எனக்கு அந்தப் பயம் அதிகம். உங்களில் பலருக்கும் அதே வாய்தான்.

என் வேலையையும் நான் உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதில்லை. ரயில்வேயில் இருக்கிறேன் என்பேன். வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன் என்று இந்தக் கட்டுரையில்தான் முதல் முறையாக எழுதியிருக்கிறேன். கடல் தாண்டியவன் எல்லாம் மேலே போனவன் என்று நீங்கள் நினைக்க வேண்டும், நாங்களும் அதற்கு ஏற்றபடி பேச வேண்டும். இந்த நாடகத்தில் என் வீட்டில் ஒருத்தி டிராம் ஏறி ஒளிந்து ஒளிந்துபோய்ப் பிள்ளை கையால் சாப்பிட்டிருக்கிறாள்.

வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆசிரியர் இதில் எதை வெட்டினாலும் அடுத்த பத்தியை வெட்டக் கூடாது.

இரண்டு வருடம் முன்பு இந்தப் பத்திரிகையில் என் மகன் பொறியாளர் என்று எழுதினேன். அது பொய். என் மகன் தணிகைவேலன் சமையல்காரன். மெல்போர்னில் ஒரு இத்தாலி ஓட்டலில் அடுப்பில் நிற்கிறான். படிப்பை அவனாகவே நிறுத்தினான், யாரும் துரத்தவில்லை. பள்ளிப்பட்டுக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை.

குமார், இந்தப் பத்திரிகை உன் கடையில் கயிற்றில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். நீ படித்துவிட்டு எனக்குப் போன் செய்வாய். இந்தத் தடவை மழுப்பாமல் பேசுகிறேன். இதழ் அச்சானதும் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தணிகாவுக்கு அனுப்புகிறேன். அதன் பிறகு டிக்கெட் போடுவோம்.

ஆடிக் கிருத்திகை அன்று மலையில் முடி இறக்குகிற இடத்தில் அவன் மடியில் என் பேரன் உட்கார்ந்திருப்பான். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கே வந்து கேளுங்கள். அவனைக் கேட்காதீர்கள். பக்கத்தில் நான் நிற்பேன், என்னைக் கேளுங்கள்.